நூற்றுப் பதினைந்தாம் மைல்

யாங்கூனிலிருந்து மாண்டலே போக
அந்த வாரம் மூன்று தாள் வேண்டியிருந்தது.
வார்டு அதிகாரியின் கடிதம்,
காய்ச்சல் இல்லை என்றொரு சீட்டு,
கம்பெனி முத்திரை வைத்த இன்னொன்று.
மூன்றிலும் மூன்று விதமாக என் பெயர்.
பூங்கோதை. பொங்கொதே. மிஸ் கோ தே.
கடைசிப் பெண் எங்கள் ஊர்க்காரி போலிருக்கிறாள் என்று
லூ குவாங்வென் சிரித்தார்.

அவர் தையல் மெஷின் பழுது பார்ப்பவர், ஊர் வூசி.
நான் தைத்ததில் குறை பார்ப்பவள்,
திருப்பூரில் பெருமாநல்லூர்ப் பக்கம்.
மாண்டலேயின் புதுப் பட்டறையில்
பதினான்காம் எண் மெஷின் மட்டும்
நூலை அறுத்துக்கொண்டே இருக்கிறதாம்.
அதற்காக நாங்கள் இருவர்,
இரவு பஸ், எட்டாம் வரிசை,
ஜன்னல் அவருக்கு.

எங்களுக்குப் பொதுவில் இருப்பது அரைகுறை பர்மியம்.
பார்த்ததும் அவர் கேட்பது ஒன்றே ஒன்று:
தமின் சா பிபீலா?
சோறு தின்றாயிற்றா?
அவர்கள் பேச்சில் சா என்றால் தின்.
மூன்று வருஷம் ஆகியும்
அந்த ஒற்றை எழுத்தில் ஒரு கணம் தடுக்கித்தான்
பதில் சொல்வேன்.

சுங்கச்சாவடிதோறும் நெற்றிக்கு நேரே துப்பாக்கி.
எனக்கு முப்பத்தாறு புள்ளி நான்கு.
அவருக்கும் அதுவே.
பஸ்ஸில் பாதி முகங்களில் எங்கள் சட்டைத் துணி,
வெளிநாட்டுக்காரன் வேண்டாமென்ற நீலக்கோடு ஆர்டர்,
முகக்கவசமாக வெட்டி இலவசமாகக் கொடுத்தது.
முன் இருக்கைக்காரர் காதோரம் தையல் விட்டிருந்தது.
அங்குலத்துக்குப் பத்து வர வேண்டும், ஏழுதான் இருந்தது.
எழுந்து சொல்லிவிடலாமா என்றுகூட இருந்தது எனக்கு.

அம்மா கூப்பிட்டாள்.
எங்கெ கண்ணு இருக்கறெ,
சீனாக்காரங்க பக்கமே போயராதெ.
ஸ்பீக்கர் இல்லாமலே ஊருக்குக் கேட்கும் குரல்.
அதில் ஒரு சொல் மட்டும் அவருக்குப் புரிந்திருக்கும்.
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
வெளியே பார்க்க இருட்டைத் தவிர ஒன்றுமில்லை.

பிறகு பிளாஸ்க்கைத் திறந்து
வெந்நீர் குடித்துப் புரையேறி
இருமினார்.
இரண்டே தரம்.

நூற்றுப் பதினைந்தாம் மைல்.
வண்டி நிற்கும், விளக்கெரியும், மொகிங்கா கிடைக்கும்.
இறங்கியவர்கள் திரும்ப ஏறவில்லை.
தயோக், தயோக் என்று
கண்டக்டரைச் சுற்றி நின்றார்கள்.
அவன் சட்டையில் ஆங் மின்,
என்னிடம் பழனியாண்டி.
தனியே அழைத்து நம் பேச்சில் கேட்டான்:
அக்கா, இந்த ஆளு சீனாவுலேர்ந்து
எப்ப வந்தாரு?

மூன்று வருஷமாகப் போகவில்லை.
இந்தத் தைக்கும் போகவில்லை, விமானம் ரத்து.
மகளுக்கு வாங்கிய சிவப்புக் கவுனை
என்னிடம் தந்து பார்க்கச் சொன்னார்.
மடிப்பைப் பிரித்து, புரட்டி,
குறையில்லை என்று சொன்னவள் நான்.

எனக்குத் தெரியாதுங்க, என்றேன்.

அந்த 'ங்க'வில்
என்ன ஒரு மரியாதை.

அவர் சண்டை போடவில்லை.
கருவிப் பெட்டியை இறக்கி, அதிலிருந்து
ஊசிப் பொட்டலம் ஒன்றை எடுத்து,
பதினொன்றாம் நம்பர், நான் வரத் தாமதமானால், என்று
என் கையில் வைத்தார்.
வைக்கும்போது விரல் படாமல்
பார்த்துக்கொண்டார்.

விடியும்போது மாண்டலேச் சோதனைச் சாவடி.
எந்த நாடு?
இந்தியா என்றேன்.
ராத்திரி எனக்குப் புளி மிட்டாய் தந்த பெண்
சால்வையை மூக்குவரை இழுத்தாள்.
அவ்வளவுதான், வேறொன்றும் நடக்கவில்லை.
தாளில் முத்திரை விழுந்தது.
மிஸ் கோ தே உள்ளே போகலாம்.

மூன்றாம் நாள்
வெங்காய லாரி ஒன்றிலிருந்து இறங்கி
பட்டறை வாசலில் நின்றார்.
கண்ணெல்லாம் சிவப்பு.
நான் தொடங்குவதற்குள்
தமின் சா பிபீலா? என்றார்.
அந்த எழுத்தில் நின்றுவிட்டேன்.

பதிலுக்குக் காத்திருக்கவில்லை.
பதினான்காம் மெஷின் முன் குனிந்து
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:
ஊசி நல்ல ஊசிதான்.
நீ புறம் மாற்றிப் போட்டிருக்கிறாய்.